ஒரு நாற்காலி, இரண்டு டாக்டர்கள்

1892 டிசம்பர் 2. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகர் ஷையன். கவர்னர் தேர்தலில் முந்தியிருந்த ஜான் ஆஸ்போர்ன், வாக்குகளைச் சரிபார்க்கும் குழு முடிவை அறிவிக்கும்வரை பொறுக்கவில்லை. ஒரு நோட்டரி முன்னிலையில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு கவர்னர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பொறுப்பு கவர்னர் ஏமஸ் பார்பர் கொதித்தார். விட்டால் குடியரசுக் கட்சிக்காரர்கள் எண்ணிக்கையில் கை வைத்துவிடுவார்கள் என்பது ஜனநாயகக் கட்சியினரின் பயம்.

வேடிக்கை என்னவென்றால், மோதிக்கொண்ட இருவருமே டாக்டர்கள்.

நியூயார்க் மாநிலத்தில் 1858-இல் பிறந்த ஆஸ்போர்ன், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்துவிட்டு ராலின்ஸ் என்ற ரயில் ஊருக்கு வந்தார். யூனியன் பசிபிக் ரயில்வேயின் டாக்டர் வேலை, கூடவே மருந்துக்கடை. பிறகு ஆட்டு மந்தைகளில் பணம் போட்டார். பணமும் செல்வாக்கும் சேர, 1888-இல் ஊர் மேயர்.

அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது வேறொரு சம்பவம். 1881 மார்ச்சில் ‘பிக் நோஸ்’ ஜார்ஜ் என்ற கொள்ளைக்காரனை ராலின்ஸ் கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து தந்திக் கம்பத்தில் தூக்கிலிட்டது. குற்றவாளியின் மூளையில் கோளாறு உண்டா என்று பார்க்க டாக்டர் மகீ மண்டையைத் திறந்தார். ஆஸ்போர்ன் அவன் தோலை உரித்துப் பதனிட அனுப்பி, ஒரு ஜோடி ஷூ தைத்துக்கொண்டார்! பதவியேற்பு விழாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார் என்பார்கள். அந்த ஷூ இப்போது ராலின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுத்த மண்டையோட்டின் மேல்பகுதி, மகீயிடம் உதவியாளராக இருந்த லிலியன் ஹீத் என்ற சிறுமிக்குப் போயிற்று. அவர் பின்னாளில் டாக்டரானார். 1950-இல் ராலின்ஸில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது விஸ்கி பீப்பாய் ஒன்றில் எலும்புகள் கிடைத்தன. ஹீத்திடம் இருந்த ஓடு அந்த மண்டையில் கச்சிதமாகப் பொருந்தியது.

இப்படிப்பட்டவரை மக்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஏமஸ் பார்பரின் ஆட்சிதான் காரணம். 1892 ஏப்ரலில் பெரும் மாட்டுப் பண்ணை முதலாளிகள், டெக்சாஸிலிருந்து துப்பாக்கி ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, ஜான்சன் கவுண்டியின் சிறு பண்ணைக்காரர்கள்மேல் படையெடுத்தார்கள். பார்பர் முதலாளிகளின் பக்கம் சாய்ந்தார் என்ற ஆத்திரம் வாக்குச்சாவடி வரை வந்தது. ஜனநாயகக் கட்சியோடு மக்கள் கட்சியும் கைகோத்தது. ஆஸ்போர்னை எதிர்த்து நின்ற லாரமி வங்கியாளர் எட்வர்ட் ஐவின்சன் தோற்றார்.

1893 ஜனவரியில் ஆஸ்போர்ன் முறைப்படி கவர்னரானார். பின்னர் நாடாளுமன்றம் போனார். 1913-இல் அதிபர் வில்சனின் அரசில் வெளியுறவுத் துறை உதவிச் செயலாளர்.

1892 ஏப்ரல் படையெடுப்பின்போது பார்பர் மேஜையிலிருந்து வாஷிங்டனுக்குப் பறந்த தந்தி என்ன செய்தது? அடுத்த வாரம்.

(தொடரும்)