அல் ஜாக்சன் ஜூனியர்

அல் ஜாக்சன் ஜூனியர் (நவம்பர் 27, 1935 - அக்டோபர் 1, 1975) அமெரிக்க டிரம்ஸ் கலைஞர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர். டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்து, அங்கேயே தொழில் செய்து, அங்கேயே மறைந்தவர். 'புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ்' இசைக்குழுவின் உறுப்பினர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்முறையும் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' இசையும் கலந்து உருவான 'சோல்' இசையில், மெம்பிஸ் நகரத்துக்கென்று ஒரு தனித்த தாள நடை அமைந்ததற்கு முதன்மைக் காரணமானவர்களில் ஒருவர்.

பிறப்பு, இளமை

மெம்பிஸ் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்தி வணிகத்தால் வளர்ந்த நகரம். அதன் பீல் தெரு ப்ளூஸ் இசைக்குப் பெயர்பெற்றது. ஜாக்சனின் தந்தை அல் ஜாக்சன் சீனியர் அந்நகரில் நடன இசைக்குழு ஒன்றை நடத்தி வந்தார். 1940-ல், ஐந்து வயதில், ஜாக்சன் தந்தையின் குழுவில் மேடையேறி டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார்.

அன்றைய மெம்பிஸில் பள்ளி, பேருந்து, உணவகம், பூங்கா ஆகிய எல்லாவற்றிலும் கறுப்பினத்தவர் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். வெள்ளையர்களுக்கான நடன விடுதிகளில் கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் வாசிக்கலாம். பார்வையாளர்களாக உள்ளே அமர முடியாது. ஆயினும் இரவு விடுதிகளில் வாசிப்பது நகரின் கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு நிலையான வருமானம் தரும் தொழிலாக இருந்தது.

நடன அரங்கில் பெற்ற பயிற்சி

ஜாக்சன் டிரம்பெட் கலைஞர் வில்லி மிட்செல்லின் குழுவிலும், சாக்ஸபோன் கலைஞர் பென் பிராஞ்சின் குழுவிலும் ஒரே காலகட்டத்தில் வாசித்தார். நடனக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரின் முதல் கடமை ஆடுபவர்களின் காலடி பிசகாமல் பார்த்துக்கொள்வது. வேகம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் கலைந்துவிடும். பல மணி நேரம் ஒரே சீராகக் காலப்பிரமாணத்தைக் காக்கும் திறமை இந்த இரவுகளில் அவருக்குக் கைவந்தது. 'மனிதக் கடிகாரம்' என்ற பொருளில் பின்னாளில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் அமைந்தது.

ஸ்டாக்ஸ் நிறுவனமும் வாரச் சம்பளமும்

ஜிம் ஸ்டூவர்ட் வங்கி ஊழியர், ஃபிடில் வாசிப்பவர். அவரும் அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் 1960-ல் மெம்பிஸின் மெக்லெமோர் அவென்யூவில் இருந்த பழைய திரையரங்கு ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. 1961-ல் இருவர் குடும்பப்பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து அதற்கு 'ஸ்டாக்ஸ்' என்று பெயரிட்டனர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அறையில் அமர்ந்து வாசித்தது அன்றைய மெம்பிஸில் அரிய காட்சி.

மிட்செல்லின் குழுவில் ஜாக்சனுடன் வாசித்திருந்த ஆர்கன் கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ் அவரை ஸ்டாக்ஸுக்கு அழைத்து வந்தார். 1962-ல் ஜோன்ஸ், ஜாக்சன், கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர், பேஸ் கிட்டார் கலைஞர் லூயி ஸ்டைன்பர்க் ஆகிய நால்வரும் சேர்ந்து பதிவுசெய்த 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற வாத்திய இசை நாடு முழுவதும் புகழ்பெற்றது. அதன் ஆக்கத்தில் நால்வரின் பெயரும் இடம்பெற்றுள்ளது. ஸ்டைன்பர்க்கின் இடத்துக்குப் பின்னர் டொனால்ட் 'டக்' டன் வந்தார்.

அந்த வெற்றிக்குப் பிறகும் ஜாக்சன் இரவு விடுதி வேலையை விட்டுவிடத் தயங்கினார். ஒலிப்பதிவுக்கு ஒரு தொகை என்ற முறையில் கிடைத்ததைவிட மேடையில் கிடைத்த வருமானம் உறுதியானது. ஆகவே வாரச் சம்பளம் தரவேண்டும் என்று கேட்டார், அது ஏற்கப்பட்டது. பின்னணிக் கலைஞர்கள் வேலை இருந்தால் மட்டுமே கூலி பெற்ற காலத்தில், இசைக்கலைஞனும் மாதாந்திரச் செலவுள்ள தொழிலாளியே என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளச் செய்த கோரிக்கை அது. நிலையான சம்பளத்தில் ஒரே குழு நாள்தோறும் ஒன்றாக வாசித்ததால்தான் ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளுக்குத் தனித்த ஒலி அமைந்தது.

வாசிப்பு முறை

ஜாக்சனின் சிறப்பு அவர் வாசிக்காமல் விட்ட அடிகளில் உள்ளது. அலங்காரமான உருட்டல்களை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். பாடகரின் சொல்லுக்கு இடம் விட்டார். ஸ்னேர் டிரம்மின் அதிர்வைக் குறைத்து, சுருக்கமான அடர்ந்த ஒலியைப் பெறுவதற்காகத் தம் பணப்பையை அதன்மேல் வைத்து வாசிப்பார் என்று உடன் வாசித்தவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

1965-ல் வில்சன் பிக்கெட்டின் 'இன் தி மிட்நைட் அவர்' பாடல் ஸ்டாக்ஸில் பதிவானது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஸ்னேர் அடி விழுவது வழக்கம். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அப்போது இளைஞர்களிடையே பரவிய ஒரு நடனத்தை ஆடிக்காட்டி, அந்த அசைவுக்கேற்ப அழுத்தத்தை மாற்றச் சொன்னார். ஜாக்சனும் க்ராப்பரும் அந்த இரு அடிகளையும் மயிரிழை தாமதித்து வாசித்தனர். வேகம் குறையவில்லை, ஆனால் தாளம் சற்றே பின்சாய்ந்து நடப்பதுபோன்ற உணர்வு வந்தது. மெம்பிஸ் சோல் இசையின் அடையாளமாகவே இது மாறியது. ஓடிஸ் ரெடிங்கின் 'ரெஸ்பெக்ட்' (1965), சாம் அண்ட் டேவ் இருவர் பாடிய 'சோல் மேன்' (1967) ஆகியவற்றிலும் ஜாக்சனின் வாசிப்பே உள்ளது.

நகரின் நெருக்கடி

1967 டிசம்பரில் ஓடிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்தார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸில் லொரெய்ன் விடுதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் கடைசியாகப் பேசியது ஜாக்சனின் பழைய குழுத்தலைவர் பென் பிராஞ்சிடம். அன்றிரவுக் கூட்டத்தில் வாசிக்கவேண்டிய ஒரு பாடலைப் பற்றி. அதே ஆண்டில், அட்லாண்டிக் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி, அது விநியோகித்த தன் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையை ஸ்டாக்ஸ் இழந்தது. புக்கர் டி. ஜோன்ஸ் கலிபோர்னியா சென்றார். க்ராப்பரும் ஸ்டாக்ஸை விட்டு விலகினார்.

ஜாக்சன் மெம்பிஸிலேயே இருந்தார். தம் பழைய குழுத்தலைவர் வில்லி மிட்செல் பொறுப்பிலிருந்த ஹை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திலும் வாசித்தார். அங்கு அல் கிரீன், மிட்செல், ஜாக்சன் மூவரும் சேர்ந்து ஆக்கிய 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' 1972-ல் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. இவ்வாறு, ஒரே நகரின் இரு போட்டி நிறுவனங்களின் புகழ்பெற்ற பாடல்களில் ஒரே கலைஞரின் தாளம் ஒலித்தது.

மறைவு

1975-ல் எம்.ஜி.ஸ் குழுவினர் மீண்டும் ஒன்றுசேர முடிவு செய்திருந்தனர். மணிலாவில் நடந்த முகமது அலி - ஜோ ஃப்ரேசியர் குத்துச்சண்டையின் ஒளிபரப்பை மெம்பிஸ் அரங்கு ஒன்றில் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவில், அக்டோபர் 1 அன்று, ஜாக்சன் தம் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு வயது 39. இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது.

இசையில் இடம்

1992-ல் எம்.ஜி.ஸ் குழு 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' சிறப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2007-ல் குழுவுக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. இடிக்கப்பட்ட ஸ்டாக்ஸ் கட்டடம் இருந்த இடத்தில் 2003-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பாடகர்களின் பெயரால் அறியப்படும் பாடல்களுக்குப் பின்னால் நின்ற சம்பளக்காரக் கலைஞர் அல் ஜாக்சன். தந்தையின் நடனக்குழுவில் கற்ற சீரான தாளத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நகரத்தின் இசை என்று உலகம் அடையாளம் காணும் ஒலி, அந்நகரிலேயே தங்கி நாள்தோறும் வேலைக்குச் சென்ற கலைஞர்களால் உருவாவது என்பதற்கு அவரது வாழ்க்கை சான்றாக உள்ளது.