டிவிடி நிகழ்படத்தில் ஒலிச் சுருக்கம்

டிவிடி நிகழ்படத்தில் ஒலிச் சுருக்கம் என்பது, டிவிடி வட்டில் பதியப்படும் ஒலித்தடத்தின் தரவு அளவைக் குறைக்கும் முறைகளையும் அவற்றுக்கான அமைப்புகளையும் குறிக்கும். வட்டின் கொள்ளளவைப் படமும் ஒலியும் பகிர்ந்துகொள்வதால், ஒலிக்குக் கூடுதலாக ஒதுக்கப்படும் இடம் படத்தின் பங்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. எனினும் "சுருக்கம்" என்ற சொல் இத்துறையில் இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. ஒன்று தரவுச் சுருக்கம். மற்றொன்று, உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும் ஒலிவீச்சுச் சுருக்கம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பிட் வீதத்தை உயர்த்திக்கொண்டே போவர்; ஒலியின் குறையோ அப்படியே இருக்கும்.

ஏற்கப்படும் வடிவங்கள்

1996-ஆம் ஆண்டு யப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த டிவிடி நிகழ்படம், சுருக்கப்படாத பிசிஎம், டால்பி நிறுவனத்தின் ஏசி-3, எம்பெக் இரண்டாம் அடுக்கு, டிடிஎஸ் ஆகிய ஒலி வடிவங்களை ஏற்கிறது. இவற்றுள் டிடிஎஸ் கட்டாயமற்றது. என்டிஎஸ்சி முறை வட்டில் பிசிஎம் அல்லது ஏசி-3 தடம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். எம்பெக் தடம் மட்டும் கொண்ட வட்டு பிஏஎல் முறைக்கே பொருந்தும். எனவே வட்டு எங்கு இயக்கப்படும் என்று தெரியாதபோது ஏசி-3 பாதுகாப்பான தெரிவாகும். பரவலாக அறியப்பட்ட எம்பி3 இத்தரநிலையில் இல்லை.

மாதிரி வீதம் பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸ் ஆகும் (பிசிஎம் வடிவில் 96 கிலோஹெர்ட்சும் உண்டு). இசை வட்டிலிருந்து எடுக்கப்படும் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை முதலில் 48-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இடக் கணக்கு

இரு தட பிசிஎம் ஒலிக்கு நொடிக்கு 48,000 × 16 × 2 = 15,36,000 பிட்டுகள் தேவை. இரண்டு மணி நேரத்திற்கு இது ஏறத்தாழ 1.38 கிகாபைட்டு ஆகும். 4.7 கிகாபைட்டு வட்டில் இது நான்கில் ஒரு பங்கிற்கும் மேல். அதே ஒலி 192 கிலோபிட் வீத ஏசி-3 ஆக இருப்பின் ஏறத்தாழ 173 மெகாபைட்டே போதும். அவ்வட்டு இரண்டு மணி நேரத்திற்கு மொத்தம் 5.2 மெகாபிட் வீதமே தரும். பிசிஎம் தெரிவு செய்தால் படத்திற்கு எஞ்சுவது சுமார் 3.7 மெகாபிட், ஏசி-3 எனில் சுமார் 5 மெகாபிட். வேகமான அசைவுள்ள காட்சிகளில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஒரு மணி நேர இசை நிகழ்ச்சியின் நிலை வேறு. படம், ஒலி, துணைத்தலைப்பு அனைத்திற்குமான உச்ச வரம்பு 10.08 மெகாபிட். வட்டில் இடம் தாராளமாக இருப்பதால் இங்குச் சுருக்கப்படாத பிசிஎம் வடிவையே பயன்படுத்தலாம். ஆனால் மூல ஒலி ஒளிப்பதிவுக் கருவியிலேயே ஏசி-3 ஆகப் பதிவாகியிருந்தால் அதைப் பிசிஎம் ஆக்குவதால் இழந்தது மீளாது. இயன்றால் அத்தடத்தை மாற்றாமல் அப்படியே சேர்ப்பது நன்று.

ஏசி-3 தெரிவு செய்வோருக்கு இரு தட ஒலிக்கு 192 முதல் 256 கிலோபிட் வரையும், 5.1 தட ஒலிக்கு டிவிடியின் உச்சமான 448 கிலோபிட்டும் பொருத்தமானவை. 1992 முதல் திரையரங்குப் படச்சுருள்களில் 5.1 தட ஏசி-3 ஒலி 320 கிலோபிட்டில்தான் பதியப்பட்டது என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

ஒலிவீச்சுச் சுருக்கம்

ஏசி-3 தடத்தில் ஒலியுடன் சில கட்டளை எண்களும் பதியப்படுகின்றன. அவற்றுள் ஒன்று உரையாடல் அளவு. இது -1 முதல் -31 டெசிபெல் வரை இருக்கும். இயக்கும் கருவி, இவ்வெண்ணுக்கும் -31-க்கும் இடையிலான வேறுபாட்டின் அளவிற்கு ஒலியைத் தாழ்த்தும். பல குறியாக்கிகளில் இயல்பிருப்பாக உள்ள -27 எனும் மதிப்பு, ஒலியை 4 டெசிபெல் தாழ்த்துகிறது. "வட்டில் ஒலி குறைந்துவிட்டது" என்ற முறையீட்டிற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மற்றொன்று ஒலிவீச்சுச் சுருக்க வகை. திரைப்படம், இசை, பேச்சு எனப் பல வகைகள் உண்டு. "எதுவுமில்லை" என்ற தெரிவும் உண்டு. திரைப்பட வகை, இரவில் அண்டை வீட்டாரை எழுப்பாமல் படம் பார்ப்பதற்கு உதவும். ஆனால் இசைக்கு அதைப் பயன்படுத்தினால், தாளக்கருவி ஓங்கும்போதெல்லாம் குரல் அமுங்கி மீண்டும் எழுவது போல் கேட்கும்.

இவ்விரு அமைப்புகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. எது உரத்த ஒலி என்பதைக் குறியாக்கி, உரையாடல் அளவை அடிப்படையாகக் கொண்டே முடிவு செய்கிறது. ஒலி தாழக்கூடாது என்று -31 என இட்டுவிட்டு, திரைப்பட வகையை மாற்றாமல் விட்டால், முழு ஒலித்தடமும் உரத்ததாகக் கருதப்பட்டுக் கடுமையாக அமுக்கப்படும். உரையாடலின் உண்மை அளவை அளக்க வசதியில்லாதோர் -31, "எதுவுமில்லை" ஆகிய இரண்டையும் சேர்த்தே இடவேண்டும்.

இலவச மென்பொருள்கள்

ஏசி-3 மீதான காப்புரிமைகள் 2017-இல் காலாவதியாயின. அதற்கு முன்பிருந்தே கட்டற்ற மென்பொருளான எஃப்எஃப்எம்பெக், ஏசி-3 குறியாக்கியைக் கொண்டுள்ளது. அதன் உரையாடல் அளவின் இயல்பிருப்பு -31 ஆகும். ஆனால் அதிலுள்ள டிவிடி முன்னமைப்பு, இரு தட ஒலிக்கும் 448 கிலோபிட்டையே ஒதுக்கும். நீண்ட நிகழ்படங்களுக்கு ஒலியின் பிட் வீதத்தைத் தனியே குறிப்பிட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.