தூக்கமும் சுத்தியலும்: அமெரிக்க நாட்டுக் கதைகளில் சமுதாய மாற்றம்

பாட்டி கதை என்றால் பிள்ளைகளைத் தூங்க வைக்கிற சமாசாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சரித்திரப் புத்தகம் விட்டுவிடுகிற சங்கதியைக் கதை பல சமயம் பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கதைகள் மூன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

முதலாவது, ரிப் வான் விங்கிள் கதை. ஜெர்மானிய நாட்டுக் கதை ஒன்றைத் தழுவி, ஹட்சன் ஆற்றுப் பக்கம் டச்சுக்காரர்கள் குடியேறிய ஒரு மலைக் கிராமத்தில் நடப்பதாக வாஷிங்டன் இர்விங் 1819-இல் இதை வெளியிட்டார். சோம்பேறி ரிப் மலையில் மதுவைக் குடித்துத் தூங்கிப்போகிறான். விழித்துப் பார்த்தால் இருபது வருஷம் ஓடிவிட்டது! நடுவே விடுதலைப் போரே நடந்து முடிந்திருக்கிறது. சத்திரத்துப் பலகையிலிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இப்போது ஜெனரல் வாஷிங்டன். முகம் என்னவோ அதே முகம்தான். சிவப்புக் கோட்டு நீலமாகி, செங்கோலுக்குப் பதில் கையில் வாள். மன்னருக்கு விசுவாசமானவன் என்று ரிப் வாய்விட்டதும், உளவாளி என்று கூட்டம் பாய்கிறது. கடைசியில் அவன் பழையபடி சத்திரத்து வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்குக் கிடைத்த ஒரே விடுதலை, இறந்துபோன மனைவியின் அதட்டலிலிருந்துதான்! ஆட்சி மாறியது சரி, மனிதன் மாறினானா என்று கதை சிரித்துக்கொண்டே கேட்கிறது.

எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் அறிவித்த அந்த நாட்டில், அடிமை முறை ஒழிய 1865 ஆயிற்று. அதுவரை தென்மாநிலத் தோட்டங்களில் கறுப்பின மக்கள் இரவில் சொல்லிக்கொண்டவை முயலண்ணன் கதைகள். இவற்றில் பலவற்றுக்கு வேர் ஆப்பிரிக்கா. நரியிடம் அகப்பட்ட முயல், "என்னை வேண்டுமானாலும் செய், முட்புதரில் மட்டும் போட்டுவிடாதே" என்று கெஞ்சுகிறது. நரியும் அங்கேயே வீசுகிறது. முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான்! எஜமானை எதிர்த்துப் பேச முடியாதவன் தன் புத்தியை நம்பினான். ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளையர் இக்கதைகளை 1880-இல் நூலாக்கினார்.

விடுதலை கிடைத்த பிறகு? அதைச் சொல்வது ஜான் ஹென்றி கதை. 1870-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் பிக் பெண்ட் ரயில் குகைப்பாதையில் நடந்ததாகப் பலர் சொல்வர். வேறு இடம் காட்டும் ஆய்வாளரும் உண்டு. பாறையில் உளியடித்த அந்தக் கறுப்பினத் தொழிலாளி, நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்று, சுத்தியலைப் பிடித்தபடியே உயிர்விட்டான். சங்கிலி போய் இயந்திரம் வந்த காலத்தின் வலி அது. சக தொழிலாளர்கள் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள்.

விலங்கு மாட்டிக் கப்பலேற்றப்பட்டவர்களிடம் மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. இருந்தது கதை ஒன்றுதான். அதைப் பேரன் பேத்திக்குச் சொன்னதால் அவர்கள் பட்ட பாடு மறக்கப்படவில்லை. ரயிலேறி வெளியூர் வந்த நாமும் வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு வைப்போமே!