சேலம், நாமக்கல் சமவெளியில் எக்ஸ்ரேயும் குழந்தைகளும்

எக்ஸ் கதிர்களை வில்ஹெல்ம் ரோன்ட்கென் 1895-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் கண்டறிந்தார். ஆயினும் அக்கதிரை உண்டாக்கும் குழலுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டியிருப்பதால், ஓர் ஊரில் எக்ஸ்ரே வேரூன்றிய வரலாற்றை அவ்வூருக்கு மின்சாரம் வந்த வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. சென்னையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டில்தான் சேலம் மாவட்டத்து மேட்டூர் அணையும் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கியது. சமவெளியின் சிற்றூர்க் குழந்தைகளுக்கோ எக்ஸ்ரே அதன் பின்னும் நெடுங்காலம் எட்டாப் பொருளே. கதிர் மிகுந்தது என்பதைவிட, எடுக்கவேண்டிய படம் எடுக்கப்படாமல் போனது என்பதே அன்றைய குறை.

படம் கிடைத்த இடங்களில் அதன் விலையை யாரும் அளக்கவில்லை. பழைய பிலிமுக்கு நீண்ட நேரம் கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தது. அழுது நெளியும் குழந்தையைத் தாயோ பணியாளரோ பிடித்துக்கொள்ள, அசைவினால் படம் மங்கினால், இருட்டறையில் பிலிமைக் கழுவிப் பார்த்த பிறகே அது தெரியவந்து, மீண்டும் ஒருமுறை எடுக்கப்படும். காசநோயைக் கண்டறிய, ஒளிர்திரையில் விழும் உருவத்தைக் கேமராவால் சிறு பிலிமில் பதிக்கும் முறை ஆய்வுகளில் பரவியது. அது வழக்கமான மார்புப் படத்தைவிடப் பன்மடங்கு கதிரைச் செலுத்தியது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் சளிப் பரிசோதனைக்கு முதலிடம் தந்தது. ஆனால் சிறு குழந்தையால் சளியைக் காறி உமிழ இயலாது என்பதால், அவ்வயதினர்க்கு எக்ஸ்ரேயின் தேவை குறையவில்லை.

கருவுற்ற தாய்க்கு எடுத்த எக்ஸ்ரேக்கும் பிறந்த குழந்தையின் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்பதை இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-இல் முன்வைத்தபோது மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. குழந்தையின் செல்கள் விரைந்து பிரிபவை, சேதம் நோயாக முற்றுவதற்குக் குழந்தைக்கு நீண்ட ஆயுள் மீதியுள்ளது என்னும் காரணங்கள் பின்னரே பொது அறிவாயின. இந்தியாவில் கதிர்ப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைந்தது.

அதற்குள் சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. உடலைச் சுற்றிவந்து பல கோணங்களில் கதிர் பாய்ச்சிக் குறுக்குவெட்டுப் படம் தரும் இக்கருவி முதன்முதலில் 1971-இல் லண்டனில் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் குழந்தை பெறுவது ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்த் தீங்கின் அலகு இது). தலை ஸ்கேனில் அது ஏறத்தாழ 2, அதாவது நூறு மடங்கு. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரால் அரசு மருத்துவக் கல்லூரி 1986-இல் தோன்றியது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமானது. லாரித் தொழிலால் வளர்ந்த இவ்வட்டாரத்தின் நெடுஞ்சாலைகளில் தலையில் அடிபட்ட குழந்தை, முதலில் சேர்த்த இடத்தில் ஒரு ஸ்கேனும், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று அனுப்பப்பட்ட இடத்தில் இன்னொன்றும் பெறக்கூடும். படம் பழுப்புக் கவரில் பெற்றோர் கையோடு போய்விடுகிறது. ஒரு குழந்தை மொத்தம் எவ்வளவு கதிர் பெற்றது என்பதைக் கூட்டிச் சொல்லும் ஏடு பொதுவாக இருப்பதில்லை. எக்ஸ்ரே குழலின் ஆற்றலைவிட இந்த ஏடின்மையே பெரிய குறை எனலாம்.

2012-இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட பதினாயிரம் குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஓர் இரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் நேரலாம் என்று கணக்கிட்டது. அடிபட்ட குழந்தைக்கு இது ஸ்கேனை மறுக்கும் அளவன்று. தேவையின்றி இருமுறை எடுப்பதைக் கேள்வி கேட்கப் போதுமான அளவு. நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், சேலத்துக்கு மாற்றி அனுப்பும் தேவை குறையுமாயின், இரண்டாம் ஸ்கேனும் குறைய இடமுண்டு.