கொள்ளளவும் சுமையும்: அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் எஞ்சின் தேர்வு

2025 மாதிரி ஆண்டில் ராம் நிறுவனம் தன் 1500 வகைப் பிக்கப் வண்டியிலிருந்து 5.7 லிட்டர் ஹெமி வி8 எஞ்சினை நீக்கிவிட்டு, இரட்டை டர்போ பொருத்திய 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை அதன் இடத்தில் வைத்தது. பழையது 395 குதிரைத்திறனும் 556 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. புதியது தன் சாதாரண வடிவிலேயே 420 குதிரைத்திறனும் 636 நியூட்டன் மீட்டரும் தருகிறது. கொள்ளளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தும் ஆற்றல் கூடியிருக்கிறது. ஆயினும் வாடிக்கையாளர்கள் பழைய எஞ்சினையே கேட்டார்கள். 2026 மாதிரியில் ஹெமி திரும்ப வரும் என்று 2025 ஜூனில் நிறுவனம் அறிவித்தது. முழு அளவுப் பிக்கப் வண்டியில் எந்த எஞ்சினை எடுப்பது என்ற கேள்விக்கு, லிட்டர் கணக்கே விடை என்ற நம்பிக்கை அமெரிக்காவில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பாரம் இழுக்கப் பெரிய எஞ்சின், சும்மா ஓட்டச் சிறிய எஞ்சின் என்பதே அங்கு நிலவும் பொது விதி. இக்கட்டுரை அவ்விதியை மறுக்கிறது. வண்டி எவ்வளவு பாரத்தை, எவ்வளவு நேரம், எந்த உயரத்தில் இழுக்கப்போகிறது என்பதே தேர்வின் அடிப்படையாக இருக்க வேண்டும். அந்த அடிப்படையில் பார்த்தால், கடும் பாரத்துக்குத்தான் டர்போ எஞ்சின் பொருந்துகிறது; பெரிய வி8-க்கு உரிய இடம் வேறு.

சான்றாக 2018 மாதிரி ஃபோர்டு எஃப்-150 வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் வரிசை என்பதோடு, 2018-இல் ஒரே உடலில், ஒரே பத்து கியர் பெட்டியோடு மூன்று வெவ்வேறு பெட்ரோல் எஞ்சின்கள் கிடைத்தன என்பதால் ஒப்பீடு தூய்மையாகிறது. 2.7 லிட்டர் டர்போ 325 குதிரைத்திறன் தருகிறது. அதன் உச்ச முறுக்குவிசை 542 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 2,750 சுழற்சியில் கிடைக்கிறது. டர்போ இல்லாத 5 லிட்டர் வி8-இன் திறன் 395. அதே 542 நியூட்டன் மீட்டரை எட்ட அது 4,500 சுழற்சிவரை ஏற வேண்டும். 3.5 லிட்டர் டர்போ 375 குதிரைத்திறனோடு 637 நியூட்டன் மீட்டரை 3,500 சுழற்சியில் தருகிறது. நிறுவனம் அறிவித்த உச்ச இழுவை வரம்பும் கொள்ளளவின் வரிசையில் அமையவில்லை: வி8-க்கு 11,600 பவுண்டு, அதாவது சுமார் 5,260 கிலோ, அதைவிடச் சிறிய 3.5 லிட்டருக்கு 13,200 பவுண்டு, ஏறத்தாழ 5,990 கிலோ.

சிறிய எஞ்சின் எரிபொருளைச் சேமிப்பதற்குக் காரணம் எளிது. வெற்று வண்டி சமதள நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட முப்பது, நாற்பது குதிரைத்திறன் போதும். அந்த வேளையில் 5 லிட்டர் எஞ்சினின் காற்றுவழி பெரும்பாலும் மூடியே இருக்கிறது. பிஸ்டன்கள் அந்தக் குறுகிய வழியில் காற்றை உறிஞ்சுவதிலேயே ஆற்றல் வீணாகிறது. சிறிய எஞ்சினில் அதே வேலைக்குக் காற்றுவழி அதிகம் திறக்கிறது, இழப்பு குறைகிறது, உராயும் பரப்பும் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில், பின்சக்கர இயக்க வண்டிக்கு 2.7 லிட்டர் ஒரு கேலனுக்குச் சராசரி 22 மைலும் வி8 19 மைலும் தருகின்றன. முகமை வழக்கமாகக் கொள்ளும் ஆண்டுக்கு 15,000 மைல் என்ற கணக்கில் வேறுபாடு சுமார் 108 கேலன், அதாவது 400 லிட்டரைச் சற்றுத் தாண்டும். பாரமில்லாமலே ஓடும் வண்டிக்கு இது உண்மையான சேமிப்பு. வேலைக்குப் போய்வரவும் கடைக்குப் போகவும் மட்டும் பிக்கப் வைத்திருப்பவருக்கு விவாதம் இங்கேயே முடிகிறது, அவர் 2.7 லிட்டரை எடுக்கலாம்.

ஆனால் டிரெய்லர் மாட்டியதும் கணக்கு மாறுகிறது. முகமையின் சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நடப்பது. 2008 மாதிரி ஆண்டு முதல் ஐந்து வகை ஓட்டங்கள் அதில் உண்டு. குளிர், வெப்பம், வேகம் எல்லாம் இடம்பெறுகின்றன. டிரெய்லர் மட்டும் இல்லை. பாரம் ஏறும்போது டர்போ எஞ்சின் கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்றுக்கு ஏற்ப எரிபொருளும் கூடுகிறது. நெடுநேரக் கடும் பாரத்தில் டர்போவையும் வினையூக்கிக் கலனையும் வெப்பத்திலிருந்து காக்க, முழு எரிதலுக்கு வேண்டிய அளவைவிட அதிகப் பெட்ரோல் தெளிக்கப்படுவதும் உண்டு. செய்யும் வேலை ஒன்றே என்பதால் எரியும் எரிபொருளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. சில வேளை டர்போவே அதிகம் குடிக்கும். ஆகவே பாரம் இழுப்பவர் மைலேஜை நம்பி டர்போ வாங்கினால் ஏமாறுவார். இந்த ஒரு விஷயத்தில் வி8 பக்கத்தினர் சொல்வது சரி. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. சேமிப்பு மறைவதால் இழுவைத்திறன் மறைந்துவிடுவதில்லை.

இழுவைத்திறன் வெளிப்படும் இடம் மலை. கொலராடோவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தில் 3,401 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அதன்படி அச்சுரங்கத்தின் வாயிலில் 395 குதிரைத்திறன் வி8 ஏறத்தாழ 265 ஆகவும், அதன் 542 நியூட்டன் மீட்டர் 365 அளவுக்கும் சுருங்குகின்றன. இப்போது வண்டியும் டிரெய்லருமாக 6,800 கிலோ எடை, நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில், மணிக்கு 60 மைல் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை வெல்ல மட்டும் 107 கிலோவாட், அதாவது சுமார் 144 குதிரைத்திறன் வேண்டும். பெட்டி வடிவ டிரெய்லரின் காற்றுத் தடையையும் சக்கர உராய்வையும் சேர்த்தால் தேவை 200-ஐத் தாண்டும். அதைத் தர வி8 நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு மேல் ஓடியாக வேண்டும். கையிருப்பு மிகச் சொற்பம். டர்போ எஞ்சினோ மெல்லிய காற்றை அழுத்தி ஈடுசெய்து தன் முறுக்குவிசையில் பெரும்பங்கைக் காத்துக்கொள்கிறது, 3.5 லிட்டர் அதே பாரத்தை 3,000 முதல் 3,500 சுழற்சிக்குள் ஏற்றிவிடும். மலைமேல் 5 லிட்டர் என்பது பெயரளவில் மட்டுமே 5 லிட்டர்.

விளம்பரங்களில் காணும் இழுவை எண் இந்த வேறுபாட்டை ஏன் காட்டுவதில்லை? அதன் பின்னிருக்கும், எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 விதிமுறை நல்லதொரு விதிமுறைதான். டொயோட்டா டண்ட்ரா 2011-இலேயே அதை ஏற்றது. அதற்குமுன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் சொல்லிவந்தது. இவ்விதியின்படி வண்டி அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழுவதும் இயக்கியபடி, பின்னச்சில் ஒற்றைச் சக்கர வண்டியானால் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். வெப்பத்தையும் சரிவையும் இது கடுமையாகச் சோதிக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் முடியும் இடம் ஏறக்குறைய 1,100 மீட்டர்தான். ராக்கி மலைத்தொடரில் வாழ்பவருக்கு அது சமவெளிச் சோதனை போன்றது. டென்வருக்கு மேற்கே டிரெய்லர் இழுப்பவர், டர்போ இல்லாத எஞ்சினின் எண்ணிலிருந்து தம் ஊரின் உயரத்துக்கு ஏற்ப ஒரு பங்கைத் தாமே கழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நீடித்த உழைப்பைப் பற்றியது. சிறிய எஞ்சினைக் கசக்கிப் பிழிந்தால் சீக்கிரம் கெடும், பெரியது அலட்டிக்கொள்ளாமல் ஓடும் என்கிறார்கள். அண்மைய சான்றுகள் இதை ஆதரிக்கவில்லை. டொயோட்டா 2024-இல் இரட்டை டர்போ வி6 பொருத்திய 2022, 2023 டண்ட்ரா உள்ளிட்ட சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது உண்மை; எஞ்சினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் காரணம். மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் தன் டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8 பொருத்திய ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கே பழுது வணரித்தண்டிலும் இணைப்புத் தண்டுகளிலும். இரண்டுமே தொழிற்சாலைத் தயாரிப்பின் குறைகள். கொள்ளளவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஃபோர்டிலும் 3.5 லிட்டர் டர்போவில் குளிர்ந்த தொடக்கத்தில் வால்வு நேர அமைப்பிலிருந்து கிளம்பும் கடகடப்பும், 2018-க்குப் பிந்தைய வி8-இல் எண்ணெய்ச் செலவும் ஒன்றுக்கொன்று சளைக்காத புகார்களாக இருந்தன. எனினும் இம்மறுப்பில் ஓர் உண்மை உண்டு, அதை மழுப்பக் கூடாது. இரண்டு டர்போக்கள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு, அவற்றின் குழாய்கள் எல்லாம் கெடக்கூடிய கூடுதல் உறுப்புகள். உத்தரவாதம் முடிந்தபின் பத்துப் பதினைந்து ஆண்டு வண்டியை வைத்திருந்து, தானே பழுதுபார்ப்பவருக்கு வி8-இன் எளிமை பணமதிப்புள்ள நன்மை.

இரண்டாவது மறுப்பு இறக்கத்தைப் பற்றியது. இது அதிகம் பேசப்படாதது; ஆனால் என் கருத்தில் முதல் மறுப்பைவிட வலுவானது. மலையிறங்கும்போது காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை, பெட்ரோல் எஞ்சினில் கொள்ளளவையும் சுழற்சியையும் பொறுத்தது. காலெடுத்த நிலையில் டர்போவால் அங்கு உதவ முடியாது. 5 லிட்டர் இறக்கத்திலும் 5 லிட்டராகவே இருக்கிறது. இதனால்தான் 2.7 லிட்டரைக் கனத்த டிரெய்லரோடு நீண்ட மலைச்சரிவுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏற்றத்தில் அது சமாளித்தாலும். 3.5 லிட்டருக்கு இக்குறையை நெருக்கமான பத்து கியர்கள் பெருமளவு ஈடுகட்டுகின்றன: கியரைக் குறைத்துச் சுழற்சியை உயர்த்தினால் பிடிப்பும் உயரும். டிரெய்லருக்கென்று தனி பிரேக்கும் அதை இயக்கும் கருவியும் இருந்தால் எஞ்சினின் மேல் விழும் பொறுப்பு இன்னும் குறைகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, பல வண்டிகளில் வரம்பு முதலில் தீர்ந்துபோவது எஞ்சினில் அன்று. டிரெய்லரின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை வண்டியின் கொக்கியில் இறங்குகிறது. 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 1,000 முதல் 1,500 பவுண்டு. அதோடு குடும்பத்தாரும் பெட்டிகளும் ஏறினால், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பாரவரம்பு, இழுவை வரம்பு நெருங்குவதற்கு முன்பே பல வண்டிகளில் கடந்துபோகிறது. விளம்பர எண் பெரும்பாலும் குறிப்பிட்ட அச்சு விகிதமும் குறைந்த வசதிகளும் கொண்ட வண்டிக்கு உரியது. தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் சேர்ந்த வண்டியின் பாரவரம்பு அவற்றின் எடையளவு குறைகிறது. எஞ்சினுக்குச் செலவிடும் கூடுதல் பணத்தைச் சரியான அச்சு விகிதத்துக்கும் டிரெய்லர் பிரேக்குக்கும் செலவிடுவது பல நேரங்களில் மேலானது.

ஆகவே வெறுமையாக அதிகம் ஓடி எப்போதாவது படகு இழுக்கும் வண்டிக்கு 2.7 லிட்டரும், உயர்நிலத்தில் அடிக்கடி கனத்த பாரம் இழுக்கும் வண்டிக்கு 3.5 லிட்டர் டர்போவும் உரியவை. தாழ்நிலத்தில் நடுத்தரப் பாரத்தை இழுத்துக்கொண்டு, நெடுங்காலம் ஒருவரிடமே இருக்கப்போகும் வண்டிக்கு வி8 பொருத்தம். வாங்குவோர் இம்முடிவைத் தாமே எடுக்க இன்று தடையாக இருப்பது, பாரத்தோடு ஓடும்போது ஆகும் எரிபொருள் செலவு எந்த அதிகாரபூர்வ ஒட்டுச்சீட்டிலும் இல்லாததுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முழு அளவுப் பிக்கப் வண்டிகளுக்கு ஒரு டிரெய்லர் ஓட்டத்தைச் சேர்த்து, அதன் எண்ணையும் சோதனை உயரத்தையும் ஒட்டுச்சீட்டில் அச்சிட வேண்டும்.