பொலி

நெல் அளக்கும்போது எங்கள் பெரியப்பா ‘ஒன்று’ என்று தொடங்கமாட்டார். முதல் மரக்கால் ‘லாபம்’. அதற்கப்புறம்தான் இரண்டு, மூன்று. தஞ்சைப் பக்கக் களத்துமேடுகளில் இதுதான் வழக்கம். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளப்பவர் எண்ணை ராகமாக இழுப்பார். அடுத்த மரக்கால் நிரம்பும்வரை அந்த எண் வாயிலேயே இருக்கும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வந்தது வம்பு.

தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். இராத்திரி யாராவது கை வைத்தால் தெரிய வேண்டுமே, அதற்காகக் குவியல்மேல் சாணிப்பால் தெளித்துக் குறி வைப்பார்கள். ‘லாபம்’ என்று மங்கலமாக எண்ணினாலும் காவலும் வேண்டியிருந்தது.

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்கே ‘பொலிசை’ என்றுதான் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கி, ஆண்டுதோறும் பொலிசை கட்டின. காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊர்கள் அதை நெல்லாகவே அளந்தன; அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று நடராசர் பெயர். கோயில் பொலிந்தது சரி, விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஊர்ச்சபை என்ன பாடுபட்டிருக்கும்?

1956-ல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது. மரக்கால் மெல்ல மெல்லப் பரணுக்குப் போனது, கிலோத் தராசு வந்தது. பெரியப்பா விடவில்லை: தராசில் ஏறிய முதல் மூட்டையையும் ‘லாபம்’ என்றே எண்ணினார்.