செங்கல்பட்டு முதல் சிறுசேரி வரை: கணிதத்தை நம்பியவர்களின் கதை

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையைப் பார்த்து நம் ஊரில் யாரும் "நீ கணித ஆராய்ச்சிக்குப் போ" என்று சொல்வதில்லை. "எஞ்சினியரிங் எடுத்துக்கோ, நல்ல வேலை கிடைக்கும்" என்பார்கள். சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. எஞ்சினியரிங் படித்தவருக்கு ஆயிரம் கம்பெனிகள் இருக்கின்றன. கணித ஆராய்ச்சியாளருக்கு நாடு முழுவதும் சேர்த்தாலும் இருக்கும் வேலைகள் கொஞ்சம்தான். ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கப் போவதில்லை.

இந்த இரண்டு பாதைகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் சிறுசேரிக்குப் போக வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வரும். பிரம்மாண்டமான ஐ.டி. வளாகங்கள், காலையிலும் மாலையிலும் வரிசை கட்டும் கம்பெனி பஸ்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள். அதே பூங்காவுக்குள் சுமார் 5 ஏக்கர் இடத்தில் ஒரு சிறிய வளாகம் இருக்கிறது. அதன் பெயர் சென்னை கணிதவியல் கழகம். சி.எம்.ஐ. என்றால் கணிதம் படிப்பவர்களுக்குத் தெரியும். தினமும் அந்த வழியாகப் போகிற பலருக்குத் தெரியாது!

இந்த நிறுவனத்தின் வரலாறும் இதைத் தொடங்கியவரின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. கிடைப்பதற்கு வாய்ப்பே குறைவான ஒரு வேலைக்கு ஆசைப்படலாமா என்று யோசிப்பவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ராமானுஜன்

தமிழ்நாட்டில் கணிதக் கனவு என்றாலே சீனிவாச ராமானுஜன் பெயர்தான் முதலில் வரும். 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தைத் தவிர வேறு எதையும் படிக்க மனம் வராததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். தன் கண்டுபிடிப்புகளை எழுதி இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்குக் கடிதம் அனுப்பினார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரியில் அனுப்பிய கடிதம் ஹார்டியின் கைக்குப் போனது. அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இந்தக் கதையை "விடாமுயற்சி வெல்லும்" என்பதற்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். சற்று நின்று யோசித்தால் வேறொன்றும் தெரியும். ஹார்டியும் அந்தக் கடிதத்தைக் கிறுக்கல் என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராமானுஜனின் திறமையில் ஒரு குறையும் வந்திருக்காது, ஆனால் நமக்கு அவர் பெயரே தெரியாமல் போயிருக்கலாம். அவரைப் போல யாரும் பதில் போடாமல் மறைந்துபோன குமாஸ்தாக்கள் எத்தனை பேரோ! ஒரு தேசத்தின் கணிதம் ஒரு தபாலை நம்பி இருக்கக் கூடாது. அடுத்த தலைமுறையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

செங்கல்பட்டு வக்கீல் வீட்டுப் பிள்ளை

சி.எஸ். சேஷாத்ரி 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தார். நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! அப்பா செங்கல்பட்டில் பெயர் பெற்ற வக்கீல். சேஷாத்ரியின் பள்ளிப் படிப்பு முழுவதும் செங்கல்பட்டில்தான். பிறகு சென்னை லயோலா கல்லூரியில் சேர்ந்து 1953-ல் கணிதத்தில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார்.

லயோலாவில் அப்போது சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதப் பேராசிரியராக இருந்தார். பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்தவர், 1937-ல் இந்தியா வந்தவர். அந்தக் காலத்துச் சென்னையில் கணிதம் என்றால் பெரும்பாலும் பழைய கேம்பிரிட்ஜ் பாணிக் கணிதம்தான். பிரான்சில் இளைஞர்கள் கணிதத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி இங்கே வந்து சேரவில்லை. ரசீனுக்கு அந்த இளைஞர்களில் பலரை நேரடியாகத் தெரியும். புதுக் கணிதத்தின் வாசனையை லயோலா வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் அவர். நல்ல மாணவர்கள் கண்ணில் பட்டால் "பம்பாய்க்குப் போ" என்று வழி காட்டுவார்.

பம்பாயில் என்ன இருந்தது? ஹோமி பாபா 1945-ல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே கணிதப் பள்ளியை உருவாக்கியவர் கே. சந்திரசேகரன். அவர் செய்தது எளிமையான காரியம். திறமையுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கையில் உதவித்தொகை கொடுத்து, உலகின் பெரிய கணித அறிஞர்களை வரவழைத்துப் பாடம் நடத்த வைத்தார். அந்தப் பாடங்களைக் குறிப்பெடுத்துப் புத்தகமாக்கும் வேலை மாணவர்களுடையது. குறிப்பு எழுதியே பாதிக் கணிதம் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

1953-ல் சேஷாத்ரி அங்கே சேர்ந்தார். அதே காலத்தில், அதே லயோலாவிலிருந்து, அதே ரசீனிடம் படித்துவிட்டு வந்த இன்னொருவர் எம்.எஸ். நரசிம்மன். வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரை கிராமத்துக்காரர். இருவருக்கும் வயதும் ஒன்றே.

வடையும் கணிதமும்

சேஷாத்ரியின் முதல் பெரிய வெற்றி 1958-ல் வந்தது. 1955-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஸேர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். பல மாறிகள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளைப் பற்றிய கேள்வி அது. சேஷாத்ரி இரண்டு மாறிகளுக்கு மட்டும் விடை கண்டுபிடித்தார். முழு விடை 1976-ல்தான் வந்தது; குவில்லன், சுஸ்லின் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதாவது ஒரு கேள்விக்கு 21 ஆண்டுகள்! ஆராய்ச்சி என்ற தொழிலின் குணமே இதுதான். பாதி விடை கண்டுபிடித்தாலும் அது சாதனை. ஒன்றுமே கிடைக்காத வருடங்களும் உண்டு.

1957 முதல் 1960 வரை சேஷாத்ரி பாரிஸில் இருந்தார். திரும்பி வந்து நரசிம்மனோடு சேர்ந்து வேலை செய்தார். 1965-ல் இருவர் பெயரிலும் ஒரு தேற்றம் வெளியானது. இன்று உலகம் முழுவதும் அதை "நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம்" என்றே அழைக்கிறார்கள்.

அது என்ன சொல்கிறது? கடினமான விஷயம்தான், ஓரளவு இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஒரு மெதுவடையின் மேற்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை. ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் உள்ள வடையையும் கற்பனை செய்யலாம். அந்தப் பரப்பில் ஓர் எறும்பு ஓட்டையைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே சேரலாம். இப்படிச் சுற்றும் வழிகளை வைத்துப் பரப்பை ஆராய்வது ஒரு முறை. பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன் வெளியை ஒட்டி வைத்து, அவை எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன என்று இயற்கணிதம் மூலம் ஆராய்வது இன்னொரு முறை. முதலாவது இடவியல், இரண்டாவது இயற்கணித வடிவியல். இரண்டும் வேறு வேறு உலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, "நிலையான" என்று சொல்லப்படும் வகையை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன என்று இவர்கள் நிரூபித்தார்கள். 1983-ல் சைமன் டொனால்ட்சன் இதே தேற்றத்துக்கு வேறு வழியில் நிரூபணம் கொடுத்தார். இயற்பியலில் வரும் சமன்பாடுகளோடும் இதற்குத் தொடர்பு இருப்பது தெரிய வந்தது.

லயோலாவில் ஒரே ஆசிரியரிடம் படித்த இரண்டு தமிழர்கள், இந்தியாவிலேயே வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்தார்கள்.

எல்லோருக்கும் பூப்பாதை அல்ல

ஜெயித்தவர்களின் கதையை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். லயோலாவிலிருந்து 1957-ல் பம்பாய்க்குப் போன இன்னொருவர் சி.பி. ராமானுஜம். (சீனிவாச ராமானுஜன் வேறு, இவர் வேறு.) ஆரம்பத்தில் எடுத்த காரியம் எதுவும் கைகூடவில்லை. மனம் உடைந்து, ஆராய்ச்சியை விட்டுவிட்டு எங்காவது ஆசிரியர் வேலைக்குப் போய்விடலாம் என்ற முடிவுக்கே வந்தார். பிறகு எண் கோட்பாட்டிலும் இயற்கணித வடிவியலிலும் உலகம் மெச்சும் வேலைகளைச் செய்தார். ஆனாலும் மனநோய் அவரை விடவில்லை. 1974-ல் 36 வயதில் இறந்துபோனார்.

அவருடைய மரணத்துக்கு ஆராய்ச்சிதான் காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் வருடக்கணக்கில் விடை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் தொழிலில் மனத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும், தோள் கொடுக்க ஆட்கள் தேவை என்பதையும் மறக்கக் கூடாது. உலகம் மெச்சிய ஒருவரே ஒரு காலத்தில் "நமக்கு இது வராது" என்று நினைத்திருக்கிறார் என்பதையும்தான்.

57 வயதில் ஒரு புதுத் தொடக்கம்

1984-ல் சேஷாத்ரி பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்தார். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தார. 1988-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். மற்றவர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கும் வயது.

அவரோ 1989-ல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். உரம் தயாரிக்கும் ஸ்பிக் நிறுவனம் 1986-ல் ஓர் அறிவியல் அறக்கட்டளையை ஏற்படுத்தியிருந்தது. அதன் கீழ் ஒரு கணிதப் பள்ளி உருவானது. சென்னை தி.நகரில், ஊர் நடுவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில்தான் அது நடந்தது. 1996-ல் தனி நிறுவனமானது. 1998-ல் சென்னை கணிதவியல் கழகம் என்று பெயர் மாறியது.

அந்த 1998-ல்தான் சேஷாத்ரி தன் வாழ்க்கையின் துணிச்சலான காரியத்தைச் செய்தார். இந்தியாவில் ஆராய்ச்சி ஓரிடம், கல்லூரிப் படிப்பு வேறிடம் என்று பிரிந்து கிடந்தது. ஆராய்ச்சி செய்பவர்கள் பி.எஸ்ஸி. மாணவர்களைப் பார்ப்பதே இல்லை. பி.எஸ்ஸி. மாணவர்கள் ஒரு கணித ஆராய்ச்சியாளரைக் கண்ணால் கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுவார்கள். இதை மாற்ற, ஆராய்ச்சியாளர்களே பாடம் நடத்தும் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கினார். தரமணி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களும் வந்து பாடம் எடுத்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. இந்த நிறுவனத்துக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது! மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு அதன் பெயரில் பட்டம் வழங்கினார்கள். சென்னையில் படித்துவிட்டு போபாலில் இருக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டம்!

அந்த முதல் வருடங்களில் சேர்ந்த மாணவர்களின் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. எஞ்சினியரிங் இடத்தை விட்டுவிட்டு, சொந்தக் கட்டடம் இல்லாத, சொந்தப் பட்டம் இல்லாத ஓர் இடத்துக்கு, வேலை கிடைக்குமா என்றே தெரியாத ஒரு படிப்புக்கு! ஆனால் கற்றுக்கொடுப்பது யார், எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் சேர்ந்தார்கள். சில வருடங்களிலேயே இங்கிருந்து மாணவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகத் தொடங்கினார்கள்.

2005 அக்டோபரில் நிறுவனம் சிறுசேரியில் சொந்த வளாகத்துக்கு வந்தது. 2006 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிய பையன் பம்பாய், பாரிஸ் எல்லாம் சுற்றிவிட்டு, சொந்தச் சீமையிலேயே ஒரு கணிதப் பல்கலைக்கழகத்தை நிறுத்திவிட்டார். 2009-ல் அவருக்கு பத்மபூஷண் விருது கிடைத்தது. 2010 வரை இயக்குநராக இருந்தார். 2020 ஜூலை 17 அன்று மறைந்தார். கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றுப் பாடக்கூடியவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இதில் என்ன கற்கலாம்?

"கனவு காண், நடக்கும்" என்று சொல்வது சுலபம். இந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கனவு நடப்பதற்கான வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறது.

ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி கிடைத்தார், அது அதிர்ஷ்டம். சேஷாத்ரிக்கு வழி காட்ட ஒரு ரசீன், உதவித்தொகை கொடுக்க ஒரு டாட்டா நிறுவனம், கூடவே மோதிப் பார்க்க ஒரு நரசிம்மன் இருந்தார்கள். அது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் பலனை அனுபவித்தவர் அதோடு நிற்காமல், பின்னால் வருகிறவர்களுக்காக இன்னொரு ஏற்பாட்டைச் செய்து வைத்தார்.

ஆகவே வாய்ப்புக் குறைந்த தொழிலுக்கு ஆசைப்படுகிறவர்கள் "எனக்குத் திறமை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. வழி தெரிந்தவர் யார், அவரை எங்கே பார்ப்பது, நம்மைப் போலவே பைத்தியம் பிடித்த இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும். மாற்று வழி ஒன்றையும் வைத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை. சிறுசேரிப் படிப்பிலேயே கணிதத்தோடு கணினி அறிவியலும் சேர்ந்துதான் வருகிறது. கணிதம் கைவிட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள் இருக்கவே இருக்கின்றன!

இன்றும் அங்கே ஒவ்வோர் ஆண்டும் பட்டப்படிப்பில் சேர்கிறவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்கள் எல்லோரும் கணித அறிஞர்கள் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் 1912-ல் ஒரு துறைமுகக் குமாஸ்தா பதில் வருமா என்று காத்திருந்தாரே, அந்த நிலைமை அவர்களுக்கு இல்லை. சந்தேகம் வந்தால் எழுந்து போய்க் கதவைத் தட்டலாம். உள்ளே ஒரு கணித ஆராய்ச்சியாளர் இருப்பார்.